பூண்டுலோயாவின் 480 வாய்கள்

சித்தூர், திருப்பதி பக்கத்துத் தமிழ் வீடுகளில் பல் விழுந்தால் மூன்று காரணம் சொல்வார்கள். ஒன்று வயசு. இரண்டு உடம்புச் சூடு. மூன்றாவது, "அவங்க வம்சமே அப்படிதான்".

எங்கள் வீட்டில் இந்த மூன்றுமே எடுபடவில்லை. பெரியப்பாவும் அப்பாவும் ஒரே வம்சம், ஒரே கிணற்றுத் தண்ணீர், சின்ன வயதில் ஒரே வேப்பங்குச்சி, அப்புறம் ஒரே கோபால் பல்பொடி. பெரியப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் முழு பல்செட். அப்பா எழுபதைத் தாண்டியும் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டால் பாட்டி, "அது அவன் அவன் தலையெழுத்துடா" என்று முடித்துவிடுவார்.

நான் பல் மருத்துவம் படித்து, இங்கே வந்து ஈறு நோய்ப் பிரிவில் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. பாட்டியின் அந்தத் தலையெழுத்தை உலகத்திலேயே முதன்முறையாக அளந்து, மில்லிமீட்டர் கணக்கில் எழுதிவைத்த ஆராய்ச்சி நம் ஆட்களின் வாயில்தான் நடந்திருக்கிறது. ஈறு நோய் படிக்கிற மாணவர்கள் எந்த நாட்டிலும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் தமிழர்களில் அதைக் கேள்விப்பட்டவர்களை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போனவர்கள்

முதலில் கொஞ்சம் ஊர்க்கதை. சித்தூர் ஆந்திராவில் இருப்பதால் அது எப்போதுமே தனி ஜில்லா என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1911 வரை அது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த வருடம்தான் சித்தூர் தனி மாவட்டமாகி, வட ஆர்க்காட்டின் தலைமை வேலூருக்குப் போனது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் சேர்ந்தது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-ல் திருப்பதியும் தனி மாவட்டம் ஆகிவிட்டது. கோடுகள் மாறின. வீட்டுக்குள் பேசும் தமிழ் அப்படியே இருக்கிறது, நிறைய தெலுங்கு கலந்து. ஈறுக்கு நாங்கள் பாதி நேரம் 'சிகுள்ளு' என்றுதான் சொல்வோம். தெலுங்கில் 'சிகுரு' என்றால் தளிர், ஈறு இரண்டுமே. அழகான சொல், பின்னால் உதவும்.

19-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் கடனும் துரத்தியபோது சென்னை மாகாணத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் இலங்கை மலைநாட்டுக்குப் போனார்கள். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை ஆட்கள்தான் அதிகம். வட ஆர்க்காட்டிலிருந்தும் போனார்கள். கங்காணி கூட்டிக்கொண்டு போவார். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் சோதனை, அதன் பிறகு கப்பல். முதலில் காப்பி. காப்பிச் செடியை நோய் அழித்த பிறகு தேயிலை.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், இந்தத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசுவோம் என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டன. திரும்பி வந்தவர்களுக்குக் கடன் கொடுக்க 1969-ல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. போகாதவர்கள் லயன் அறைகளில் இருந்தபடி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் நார்வேக்காரர் ஒருவர் மலையேறி வருகிறார்.

பல் தேய்க்காத மூன்று வாரம்

அவர் பெயர் ஹரால்ட் லோ. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் அவர் குழு செய்த சோதனை ரொம்ப எளிமையானது. ஆரோக்கியமான 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். "பல் தேய்ப்பதை நிறுத்துங்கள்" என்றார். அவ்வளவுதான். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி தேய்க்கச் சொன்னார். ஒரு வாரம் போல, எல்லாம் சரியாகிவிட்டது.

ஈறு வீக்கத்துக்குக் காரணம் பல்மேல் படியும் கிருமிப் படலம் என்று சந்தேகமில்லாமல் நிரூபித்த சோதனை இது. சூடும் இல்லை, வயசும் இல்லை.

ஆனால் மூன்று வார வீக்கம் வேறு, பல் விழுவது வேறு. பல்லைத் தாடையோடு பிடித்து வைத்திருக்கும் நார்களும் எலும்பும் கரைந்தால்தான் பல் ஆடும். நம் வீடுகளில் 'பயோரியா' என்பது இதைத்தான். அதற்குப் பல வருடங்கள் ஆகும். எவ்வளவு வருடம்? எல்லோருக்கும் ஆகுமா? இதைத் தெரிந்துகொள்ள இரண்டு கூட்டம் தேவைப்பட்டது. சின்ன வயதிலிருந்தே பல் வைத்தியம் கிடைத்த கூட்டம் ஒன்று. எந்த வைத்தியமும் கிடைக்காத கூட்டம் இன்னொன்று.

முதல் கூட்டம் சுலபமாகக் கிடைத்தது. 1969-ல் ஆஸ்லோவில் மாணவர்களும் கல்வித்துறை ஆட்களுமாக 565 ஆண்கள். இரண்டாவது கூட்டத்துக்கு 1970-ல் நுவரெலியா மாவட்டத்துக்கு வந்தார்கள். பூண்டுலோயா பக்கத்து டன்சினன், ஹெரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்த 480 தமிழ் ஆண்கள்.

எட்டு, எண்பத்தொன்று, பதினொன்று

அந்த 480 பேரை 1970-லிருந்து 1985 வரை இடைவெளி விட்டுப் பல முறை பரிசோதித்தார்கள். 1985 கடைசிப் பரிசோதனைக்கு, முதலில் இருந்தவர்களில் 161 பேர்தான் மிஞ்சினார்கள். நடுவில் என்னென்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். தோட்டங்கள் அரசுடைமை ஆயின. ஒப்பந்தப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. 1983 கலவரம் நடந்தது.

1986-ல் முடிவுகள் வெளியாயின. பல் வைத்தியம் எட்டிப் பார்க்காத இந்த ஆட்களுக்கு அனேகமாகச் சொத்தைப் பல்லே இல்லை. ஆனால் எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் அப்பிக் கிடந்தன. எல்லோர் ஈறும் வீங்கித்தான் இருந்தது. அழுக்கில் எல்லோரும் சமம். ஆனால் விளைவில் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள்.

சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் போனது. 35 வயதில் சராசரி 9 மில்லிமீட்டர் பிடிப்பு போய்விட்டது, 12 பல் விழுந்துவிட்டது. 40-ல் 20 பல். 45-ல் வாயில் ஒரு பல் கூட இல்லை. பல் வேரின் மொத்த நீளமே கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்து இந்த எண்ணைப் படியுங்கள்.

சுமார் 81 சதவீதம் பேருக்கு நிதானமாகப் போனது. 35 வயதில் 4 மில்லிமீட்டர். முப்பதுக்கு மேல்தான் பல் விழ ஆரம்பித்தது.

மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஈறு வீக்கம் மட்டும், அதற்கு மேல் நோய் நகரவில்லை. 35 வயதில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான இழப்பு.

ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே தண்ணீர், ஒரே அழுக்கு. என் பெரியப்பாவும் அப்பாவும் மாதிரியே. :-)

ஆஸ்லோ கூட்டத்தோடு ஒப்பிட்டதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "அப்போ பல் தேய்ச்சு என்ன பிரயோஜனம்" என்று யாராவது கிளம்பிவிடுவீர்கள். 40 வயதை நெருங்கும்போது நார்வேக்காரர்களின் சராசரி இழப்பு ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். தோட்டத் தொழிலாளர்களுடையது நாலரை. மூன்று மடங்கு. சுத்தமும் வைத்தியமும் எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

'இயற்கை' என்ற ஒரு சொல்

இந்த ஆராய்ச்சித் தொடரின் தலைப்பு 'மனிதரில் பற்சூழ் நோயின் இயற்கை வரலாறு'. மருத்துவத்தில் 'இயற்கை வரலாறு' என்றால் யாரும் தலையிடாமல் விட்டால் நோய் எப்படிப் போகும் என்பது. தொழில்நுட்பச் சொல், தப்பில்லை.

ஆனால் எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. அந்தத் தோட்டங்களில் பல் வைத்தியர் இல்லாதது இயற்கையா? மழை பெய்யாத மாதிரியா? நாலு தலைமுறை தேயிலை பறித்துக் கொடுத்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை, சொந்தமாக வீடு இல்லை. பல் வைத்தியர் மட்டும் எங்கிருந்து வருவார்? ஆஸ்லோவில் ஒரு பையனுக்குப் பள்ளியிலேயே பல் வைத்தியம் கிடைத்ததும், பூண்டுலோயாவில் கிடைக்காமல் போனதும் இரண்டுமே அரசாங்கங்கள் எடுத்த முடிவுகள்.

லோவை நான் வில்லனாக்கவில்லை. அவர் யாருக்கும் நோயைக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை கறுப்பினத் தொழிலாளர்களுக்கு மேகநோய் மருந்தை மறைத்து வேடிக்கை பார்த்த டஸ்கீகி கொடுமையோடு இதைச் சேர்ப்பது நியாயம் இல்லை. ஆனாலும் 15 வருடம் அந்த ஆட்களின் வாய் அளக்கப்பட்டது. அந்த அளவுகளின் மதிப்பே, வைத்தியம் எட்டாத வாய்கள் அவை என்பதில்தான் இருந்தது. 20 வயதில் முதல் முறை வாயைத் திறந்து காட்டிய ஒரு தொழிலாளி, கடைசி முறை காட்டும்போது 35 வயது. அவர் அந்த 8 சதவீதத்தில் ஒருவராக இருந்திருந்தால் பன்னிரண்டு பல் போயிருக்கும். அந்தப் பன்னிரண்டும் ஒரு வரைபடத்தில் புள்ளியாக ஆகியிருக்கும்.

2010-ல் மறுபடி ஒரு குழு போய்ப் பார்த்தது. 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். நாற்பது வருடக் கணக்கு 2017-ல் வெளியானது. அதே டன்சினன் தோட்டத்தில் 2018-ல் இந்திய அரசின் உதவியோடு 404 வீடுகள் கட்டிக் கொடுத்து, 'மகாத்மா காந்திபுரம்' என்று பெயர் வைத்தார்கள். செய்தியில் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கு வீடுகள் ஞாபகம் வரவில்லை, அந்த வாய்கள்தான் ஞாபகம் வந்தன.

எரிந்து சாகும் செல்கள்

சரி, ஒரே அழுக்குக்கு ஏன் மூன்று விதி? அதற்குப் பதில் தேடிய பாதை வாயை விட்டு எங்கெங்கோ சுற்றியது.

1972-ல் கெர், வில்லி, கரி என்ற மூவர், செல்கள் ஒழுங்காகச் சுருங்கி, சத்தமில்லாமல் சாகும் விதத்துக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம் தளிர் - ஈறு சொல்லுக்குப் பொருத்தம்தான். பழுத்த இலை விழுந்தால் மரத்துக்கு வலிக்காது.

1992-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில், சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி நம் பாதுகாப்புச் செல்லுக்குள் புகுந்தால் அந்தச் செல் செத்துவிடுவதைப் பார்த்தார்கள். அதையும் இலை உதிர்வு என்றே எழுதினார்கள். ஆனால் இந்தச் சாவில் சத்தம் இருந்தது. செல் ஊதி, ஓட்டையாகி, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டியது. 2001-ல் சியாட்டிலில் குக்ஸன், பிரென்னன் இருவரும் இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள்: 'பைரோப்டோசிஸ்'. 'பைரோ' என்றால் நெருப்பு. எரிந்து சாவது.

அடுத்து ஒவ்வொரு பாகமாகக் கிடைத்தது. 2002-ல் லோசான் நகரில் யூர்க் சோப் குழு, கிருமி வந்ததை உணர்ந்து மணியடிக்கும் புரதக் கூட்டத்தைக் கண்டுபிடித்து 'இன்ஃப்ளமசோம்' என்றது. 2015-ல் பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவ் குழுவும், அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினரான விஷ்வா தீட்சித் குழுவும், செல்லில் ஓட்டை போடும் புரதம் எது என்று ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. அதன் பெயர் காஸ்டெர்மின்-டி. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, மெம்பிஸ் நகரில் ஆராய்ச்சி செய்யும் திருமலாதேவி கன்னெகண்டி (பெயரிலேயே திருமலை இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது போதும்!) குழு, இந்தச் சாவு வகைகள் ஒன்றோடொன்று கைகோத்தும் வேலை செய்யும் என்று காட்டி 2019-ல் 'பான்ஆப்டோசிஸ்' என்று பெயர் வைத்தது.

இதற்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு செல் எரிந்து சாகும்போது இன்டர்லூகின்-1 என்ற ரசாயனம் வெளியே கொட்டுகிறது. அது இரண்டு வேலை செய்யும். மேலும் பாதுகாப்புச் செல்களைக் கூப்பிடும். கூடவே, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தட்டி எழுப்பும். காலில் முள் குத்திய இடத்தில் இது நல்லது, கிருமி ஒழிந்தவுடன் நெருப்பு அணைந்துவிடும். ஈற்றில் அப்படி அணைவதில்லை. பல்மேல் காரை இருக்கும்வரை கிருமி தினமும் வருகிறது. செல் எரிகிறது, இன்னும் செல் வருகிறது, அதுவும் எரிகிறது. தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. முற்றிய ஈறு நோய் உள்ளவர்களின் ஈற்று நீரில் இன்டர்லூகின்-1 அதிகமாக இருப்பதை அளந்திருக்கிறார்கள். அந்த மணியடிக்கும் புரதம் இல்லாத எலிகளுக்கு ஈறு நோய்க் கிருமியைக் கொடுத்தபோது எலும்பு இழப்பு குறைந்தது.

ஆக, எலும்பைக் கரைப்பதில் பெரும் பங்கு கிருமியுடையது அல்ல, கிருமியை எரிக்க நம் உடம்பே மூட்டிய தீயுடையது. அந்தத் தீ சிலருக்குச் சீக்கிரம் பற்றுகிறது, சிலருக்குப் பற்றுவதே இல்லை. 8, 81, 11 என்ற பிரிவை இது மட்டுமே முழுதாக விளக்கிவிடும் என்று சொல்ல முடியாது. மரபணு, புகை, சர்க்கரை எல்லாம் சேர்ந்தது. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வைத்தவர்கள் அந்த 480 பேர். 'அழுக்கு எவ்வளவு' என்பதோடு நிற்காமல் 'இந்த உடம்பு அழுக்குக்கு எப்படிப் பதில் சொல்கிறது' என்று கேட்க வேண்டியிருந்தது அவர்களால்தான்.

நமக்கு என்ன?

நம்மில் நிறைய பேருக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கே பல் வைத்தியம் விலை அதிகம், காப்பீடு பாதிதான் தரும், "ஊருக்குப் போறப்போ வேலூர்லயோ திருப்பதிலயோ பாத்துக்கலாம்". சொத்தைக்கு அது ஓரளவு சரி, வலித்தால் ஓடிவிடுவீர்கள். ஈறு நோய் வலிக்காது. வேகக் கூட்டத்தில் இருப்பவருக்கு வருடத்துக்கு 1 மில்லிமீட்டர் வரை போகலாம் என்று பூண்டுலோயா கணக்கு சொல்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறவர் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தக் கூட்டம் என்பது கண்ணாடியில் தெரியாது. ஈற்றுக்குள் அளவுக்குச்சி விட்டு அளந்தால்தான் தெரியும், ஐந்து நிமிட வேலை.

தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்காதீர்கள், அங்கேதான் கவனம் வேண்டும். "கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. பல் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தது, காரைதான் சிமெண்ட் மாதிரி பிடித்து மறைத்து வைத்திருந்தது.

சர்க்கரை உள்ளவர்கள் இரட்டைக் கவனம். சர்க்கரை ஈற்றுத் தீயை ஊதும், ஈற்றுத் தீ சர்க்கரையை ஏற்றும். ஈறு நோயை முறையாக வைத்தியம் செய்தால் மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு சுமார் 0.4 குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 அறிக்கை சொல்கிறது.

அந்த 480 பேருக்குத் தேர்ந்தெடுக்க வழி இருக்கவில்லை. நமக்கும், ஊரில் இருக்கும் நம் பெற்றோருக்கும் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடும்போது "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு, "பல் தேய்க்கறப்போ ரத்தம் வருதா" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். "வயசாச்சு, அப்படிதான் வரும்" என்று பதில் வந்தால், பூண்டுலோயாவில் வைத்தியமே எட்டாமல் போனபோதும் நூற்றில் பதினொரு பேருக்கு அப்படி ஆகவில்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, டாக்டரிடம் ஒரு தேதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.